தலை போன பனை

கிளிநொச்சி
பங்குனி

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிறது. காலபோக அறுவடை, நெல் காயவிடுவது என்று நாட்கள் ஓடிவிட்டன. சிறுபோகக் கூட்டம் இன்னும் கூடவில்லை. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் நிற்கிறது. எங்கள் வாய்க்காலுக்கு எத்தனை ஏக்கர் பங்கு வரும் என்பதுதான் யோசனை. வீட்டில் எல்லோரும் சுகம்.

கம்போடியா போய் வந்ததைப் பற்றிக் கேட்டிருந்தாய். மூத்தவன் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தான், நாங்கள் இருவரும் இங்கிருந்து போனோம். அங்கோர் வாட் 12ஆம் நூற்றாண்டில் விஷ்ணுவுக்கு எழுப்பிய கோயில் என்றதும் மனைவி வாசலிலேயே கைகூப்பி நின்றுவிட்டாள். கோயில் படங்களை மகன் உனக்கு அனுப்புவான். நான் எழுத வந்தது ஒரு மனிதரைப் பற்றி.

சியெம் ரீப்பிலிருந்து பந்தே ஸ்ரேய் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் வயல், வரம்பெல்லாம் பனை. பரந்தனிலிருந்து பூநகரிக்குப் போவது போலிருந்தது. பனைதான் அவர்களின் தேசிய மரம். 2005இல் அரச ஆணையாகவே அறிவித்திருக்கிறார்கள். வீதியோரக் கொட்டிலொன்றில், மண் அடுப்பில் பெரிய தாச்சி வைத்துப் பனஞ்சாறான கருப்பணி காய்ச்சும் மணம் வந்தது. வாகனத்தை நிறுத்தச் சொன்னேன்.

கிண்டிக்கொண்டிருந்தவருக்கு என் வயது இருக்கும். இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். மரம் ஏறுவது அவர் மகன். எங்கள் ஆட்களைப் போலக் காலில் தளநார் போட்டு ஏறுவதில்லை. கணுக்களில் குச்சிகளை விட்டு வெட்டிய மூங்கிலை மரத்தோடு கட்டி, அதையே ஏணியாக்கியிருந்தார்கள். சாறு பிடிக்க மண்முட்டிக்குப் பதில் மூங்கில் குழாய். நாங்கள் புளிக்காமலிருக்கச் சுண்ணாம்பு பூசுவோமே, அவர்கள் மரப்பட்டைத் துண்டு போடுகிறார்கள். ஒரு குழாயிலிருந்து ஊற்றித் தந்தார். புகை மணம், பட்டையின் இலேசான கசப்பு, அவற்றுக்கடியில் நம் கருப்பணியேதான்.

அவருக்குக் கெமர், எனக்குத் தமிழ். மரத்தைக் காட்டி "த்னோட்" என்றார். "பனை" என்றேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு தன் காலைத் தொட்டு, நிலத்தைக் காட்டி, இரண்டு கைகளையும் மேலே விரித்தார். மிதிவெடி.

கைபேசியில் இருந்த, போரில் முன்னரங்காயிருந்த நம் முகமாலையின் படத்தைக் காட்டினேன், மிதிவெடி அபாயப் பலகைக்குப் பின்னால் வரிசையாய் நிற்கும் தலையில்லாப் பனைகள். வேறு யாருக்குக் காட்டினாலும் முதலில் அபாயப் பலகையைத்தான் பார்ப்பார்கள். அவர் விரலால் படத்தைப் பெருப்பித்து, ஒவ்வொரு மரத்தின் உச்சியாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசியில் தன் கழுத்தில் கையை வைத்துத் தலையை அசைத்தார். குருத்துப் போனால் பனை மறுபடி துளிர்க்காது. அது பனையோடு வாழ்ந்தவருக்குத் தெரியும்.

தாச்சியை மனைவியிடம் விட்டுவிட்டு என்னைக் கொட்டிலின் பின்புறம் கூட்டிப்போனார். அங்கே ஒரு கிழட்டுப் பனை. மார்பளவு உயரத்தில் நாலைந்து பொத்தல்கள், ஒன்றில் துருவேறிய இரும்பு. என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார். மேலே பார்த்தேன், வட்டு நிறைய ஓலை, பாளைகளில் குழாய்கள் தொங்கின.

மச்சான், 2009க்குப் பிறகு நான் எவர் முன்னாலும் அழுததில்லை. அன்று அழுதேன். அவரும் மரத்தில் கைவைத்தபடி பக்கத்தில் நின்றார்.

புறப்படும்போது நான்கு பனங்கட்டிச் சுருளுக்குக் காசு வாங்கிக்கொண்டு, ஐந்தாவதைக் கையில் திணித்தார். நம் குட்டானைப் போல அங்கும் ஓலையில்தான் பொதிகிறார்கள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆவணியில் பனங்கொட்டை சேர்க்கப் போகிறேன். விசுவமடுவில் உன் அம்மாவின் வளவில், ஷெல் விழுந்து மூன்று பனை பட்டுப்போன மேற்கு எல்லை வெறுமையாகக் கிடக்கிறது. அங்கே விதை போடட்டுமா? பாளை விட 15 வருடமாவது செல்லும். நம் இருவருக்கும் எண்பது தாண்டியிருக்கும். வளவை விற்கும் எண்ணம் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுது. மாரி தொடங்குமுன் உன் பதில் வேண்டும்.

அன்புடன்,
உன் வகுப்புத் தோழன்