தோற்றவரின் வாக்கையும் எண்ணிய பிறகு

நாஷுவா, நியூ ஹாம்ப்ஷயர்
2008 டிசம்பர் 18

அன்புள்ள தோழிக்கு,

நவம்பரில் நீ எழுதிய கடிதம் உரிய நாளில் கிடைத்துவிட்டது. பதில் தாமதமானதற்கு இங்கே அடித்த பனிப்புயல்தான் காரணம். சென்ற வாரம் 11ஆம் தேதி இரவு தொடங்கிய உறைமழையில் மரக்கிளைகள் பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் முறிந்து மின்கம்பிகள்மேல் விழுந்து, இந்தச் சிறிய மாநிலத்தில் நான்கு லட்சத்துக்கும் அதிகமான மின் இணைப்புகள் அறுந்துபோயின. எங்கள் வீட்டில் நான்கு நாட்கள் விளக்கும் இல்லை, வெப்பமும் இல்லை. அதில் மூன்று இரவுகளை விறகு அடுப்பு வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் கழித்தோம். அந்த வீட்டு அம்மையாரைப் பற்றி முன்பே உனக்கு எழுதியிருக்கிறேன். ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சென்ற குளிர்காலத்தில், ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்ற போட்டியில், ஒபாமாவுக்காகத் தெருத்தெருவாக நடந்தவர். நான் ஹிலாரி கிளிண்டனுக்காக அதே தெருக்களில் நடந்தவள். மார்ச் முதல் ஜூன் வரை, குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போதுகூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரும்பிக்கொண்டிருந்தோம்.

ஒரே கட்சிக்குள் அவ்வளவு கடுமையாக மோதிக்கொண்டவர்கள் ஐந்தே மாதங்களில் எப்படி ஒன்றாக வேலை செய்தீர்கள், அது வெறும் நடிப்பில்லையா என்று நீ கேட்டிருந்தாய். அந்த அடுப்பின் முன்னால் நாங்கள் இருவரும் பேசியதும் ஏறக்குறைய இதைத்தான். மனத்தில் இன்னும் சூடாக இருக்கும்போதே உனக்கு எழுதிவிட நினைக்கிறேன்.

முதலில் அந்தச் சண்டை எப்படிப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். கொள்கையில் இருவருக்கும் பெரிய இடைவெளி இருக்கவில்லை. ஈராக் போருக்கு 2002இல் ஹிலாரி அளித்த வாக்கும், மருத்துவக் காப்பீட்டை எல்லோருக்கும் கட்டாயமாக்க வேண்டுமா என்பதும்தான் உண்மையான வேறுபாடுகள். அதனால்தான் காயம் ஆழமாயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது. வாதிடுவதற்குக் கொள்கை குறைந்துபோனால், ஆளைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. அந்த ஆளிடத்தில் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் தன்மேல் எறிந்த கல்லாகப் படுகிறது. நம் ஊர்ப் பங்காளிச் சண்டையைப் போலத்தான்: நிலமும் ஒன்று, குலதெய்வமும் ஒன்று, ஆனாலும் பேச்சுவார்த்தை இல்லை. இங்கிருந்து அரை மணி நேரத் தொலைவில் உள்ள சேலம் என்ற ஊரில் (ஆம், அதே பெயர்தான்) ஜனவரி 7ஆம் தேதி ஹிலாரி பேசிக்கொண்டிருந்தபோது, இரண்டு ஆண்கள் எழுந்து தங்கள் சட்டையை இஸ்திரி போடும்படி கூச்சலிட்டார்கள். அதற்கு இரண்டு நாட்களுக்கு முன், தொலைக்காட்சி விவாதத்தில், அவர் மக்களால் விரும்பப்படுகிறவரா என்ற கேள்வி எழுந்தபோது, 'போதுமான அளவுக்கு விரும்பத்தக்கவர்தான்' என்கிற பொருளில் ஒபாமா சொன்ன ஒரு வரி, என் வயதுப் பெண்கள் பலரின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. ஜனவரி 8ஆம் தேதி கருத்துக் கணிப்புகள் எல்லாவற்றையும் பொய்யாக்கி, எங்கள் மாநிலத்தின் முதற்கட்டத் தேர்தலில் (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் வாக்கெடுப்பு) ஹிலாரி வென்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

பக்கத்து வீட்டு அம்மையாரின் நெஞ்சிலும் முள் இருந்தது. அது எனக்கு இந்த வாரம்தான் முழுமையாகத் தெரிந்தது. ஜனவரி 26இல் தென் கரோலினாவில் ஒபாமா 55 சதவீத வாக்கு பெற்று வென்ற அன்று, கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனும் 1984லும் 1988லும் அங்கே வென்றவர்தானே என்று ஹிலாரியின் கணவர் பில் கிளிண்டன் சொன்னார். கறுப்பினத்தவரின் வாக்கால் கிடைத்த வெற்றியைக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை என்று ஒரு முன்னாள் அதிபரே சொல்வதாக அதை அம்மையார் கேட்டாராம். இளம் வயதில் கறுப்பினத்தவரின் சமவுரிமைப் போராட்டங்களைக் கண்ணால் கண்ட அவருக்கு அன்று இரவு உறக்கம் வரவில்லையாம். நானோ அதை அன்று ஒரு சாதாரண அரசியல் பேச்சாக எண்ணிக் கடந்துபோனேன். அதற்காக இப்போது வருந்துகிறேன்.

மே 31ஆம் தேதியைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் பிளவு உண்மையில் உறைந்தது அன்றுதான். மிச்சிகனும் ஃபுளோரிடாவும் கட்சி விதித்த காலவரம்பை மீறி முன்கூட்டியே முதற்கட்டத் தேர்தலை நடத்தியதால், அம்மாநிலங்களின் பிரதிநிதிகள், வேட்பாளரை முடிவு செய்யும் டென்வர் கட்சி மாநாட்டில் அமரக் கூடாது என்று கட்சி தீர்மானித்திருந்தது. மிச்சிகன் வாக்குச்சீட்டில் ஒபாமாவின் பெயரே இல்லை. இரண்டிலும் ஹிலாரிக்கே அதிக வாக்கு. வாஷிங்டனில் ஒரு விடுதியில் கூடிய விதிமுறைக் குழு, அந்தப் பிரதிநிதிகளை அனுமதித்து ஆளுக்கு அரை வாக்கு என்று முடிவு செய்தது; மிச்சிகனில் யாரையும் குறிப்பிடாத வாக்குகளை ஒபாமாவுக்கு அளித்ததோடு, ஹிலாரி வென்ற பிரதிநிதிகளில் நான்கு பேரையும் அவர் கணக்கிலிருந்து எடுத்து அங்கே சேர்த்தது. நான்கு என்பது முடிவை மாற்றக்கூடிய எண்ணே அல்ல. ஆனால் வாக்களித்தவர்களின் வாக்கை ஒரு குழு எடுத்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்றால் நாங்கள் பனியில் நடந்தது எதற்காக என்று அன்று கண்ணீர் விட்டேன். அரங்கில் இருந்த ஹிலாரி ஆதரவாளர்கள் 'டென்வர், டென்வர்' என்று முழங்கினார்கள். மாநாடு வரை போராடுவோம் என்பது அதன் பொருள். நடைமுறையில் நியாயம் இல்லை என்று ஒரு தரப்பு நினைத்துவிட்டால், அதன்பிறகு ஒற்றுமைக்கு விடுக்கும் அழைப்பெல்லாம் பந்தியில் உட்காரவைத்துவிட்டு இலை போடாமல் போவதைப் போன்றது.

ஜூன் 3ஆம் தேதி ஒபாமாவுக்குத் தேவையான பிரதிநிதிகளின் எண்ணிக்கை கிடைத்துவிட்டது. அன்று இரவு ஹிலாரி தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. இன்று எந்த முடிவும் எடுக்கப் போவதில்லை என்றார். பத்திரிகைகள் அவரை மிகக் கடுமையாகத் திட்டின. எனக்கோ அந்த நான்கு நாட்கள் தேவையாக இருந்தன. இறந்தவர் வீட்டில் மறுநாளே கல்யாணப் பேச்சு எடுப்பார்களா? ஜூன் 7ஆம் தேதி வாஷிங்டனில் அவர் விடைபெற்றுப் பேசியபோது, மிக உயரத்தில் உள்ள அந்தக் கடினமான கண்ணாடிக் கூரையை இம்முறை உடைக்க முடியாவிட்டாலும், அதில் ஒரு கோடியே எண்பது லட்சம் விரிசல்கள் விழுந்திருக்கின்றன என்றார். அவருக்கு வாக்களித்தவர்களின் எண்ணிக்கை அது. அதில் ஒன்று என்னுடையது என்பதால் அழுதேன். அழுது முடித்த பிறகு சற்று லேசாக இருந்தது.

அதே மாதம் 27ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, இருவரும் சேர்ந்து முதல்முறையாக மேடையேறியது எங்கள் மாநிலத்தில்தான். ஊரின் பெயர் யூனிட்டி, அதாவது ஒற்றுமை. மக்கள்தொகை ஆயிரத்து ஐந்நூறுக்குச் சற்று மேல். ஜனவரித் தேர்தலில் அங்கே ஹிலாரிக்கு 107 வாக்கு, ஒபாமாவுக்கும் 107 வாக்கு. ஊரைத் தேர்ந்தெடுத்தவர்களின் விளம்பரப் புத்தியை எண்ணி எனக்கு முதலில் கோபமே வந்தது. பக்கத்து வீட்டு அம்மையார் அன்று காலை கதவைத் தட்டி, 'என் காரில் ஓர் இடம் காலியாக இருக்கிறது' என்று மட்டும் சொன்னார். ஏறிக்கொண்டேன். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருவரும் அதிகம் பேசவில்லை. பள்ளிக்கூடத்தை ஒட்டிய திடலில் வெயிலில் நின்றபோது என்னைச் சுற்றிலும் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு பதாகையை வைத்திருந்தார்கள். சிலர் ஹிலாரியின் பழைய பதாகையை விடவே இல்லை. யாரும் அவற்றைக் கீழே போடச் சொல்லவில்லை. அதை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். முந்தைய நாள், ஹிலாரியின் பிரச்சாரக் கடன் இரண்டு கோடி டாலருக்கு மேல் நிற்பதை அறிந்து, ஒபாமாவும் அவருடைய மனைவியும் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பான 2,300 டாலரை ஆளுக்கு ஒரு காசோலையாகக் கொடுத்திருந்தார்கள். கடலில் ஒரு துளிதான். ஆயினும் வென்றவர் தன் பையைத் திறந்தார் என்பதை நான் சிறிதாக எண்ண மாட்டேன்.

இருந்தும் எங்களில் எல்லோரும் அன்று மனம் மாறிவிடவில்லை. சிலர் தனி அணியாகத் திரண்டு, குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெய்னுக்கே வாக்களிப்போம் என்று அறிவித்தார்கள். எனக்குப் பழக்கமான இரண்டு பெண்கள் அதில் சேர்ந்தார்கள். அவர்களைத் துரோகிகள் என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்கு வலிக்கும்.

நடிப்பில்லையா என்று கேட்டாயே, நடிப்பு எப்படியிருக்கும் என்பதற்கு 1980ஐத்தான் சொல்ல வேண்டும். அதிபர் கார்ட்டரை எதிர்த்து அதே கட்சிக்குள் எட்வர்ட் கென்னடி போட்டியிட்டுத் தோற்றார். முதற்கட்டத் தேர்தலின் முடிவுப்படியே வாக்களிக்கப் பிரதிநிதிகளைக் கட்டுப்படுத்தும் விதியை மாற்ற நியூயார்க் மாநாட்டில் கடைசிவரை முயன்றார், அதுவும் தோற்றது. இறுதி நாள் மேடையில், இருவரும் கைகோத்து உயர்த்தும் படத்துக்காக கார்ட்டர் கென்னடியின் பின்னாலேயே மேடை முழுவதும் சுற்றிவர, கென்னடி கைகுலுக்கிவிட்டு விலகிப்போனதை நாடே பார்த்தது. கார்ட்டர் நவம்பரில் ஆறு மாநிலங்களையும் தலைநகரையும் மட்டுமே பெற்றார். அதற்கு ஈரானில் அமெரிக்கர்கள் பிணைக்கைதிகளாக இருந்ததும் விலைவாசியும் பெரிய காரணங்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒற்றுமையை மேடையில் வைத்துக் கேட்டு வாங்க முடியாது என்பதற்கு அதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியாது. 1968ஐயும் சொல்லலாம். முதற்கட்டத் தேர்தல்களில் போட்டியிடாமலேயே துணை அதிபர் ஹம்ஃப்ரி வேட்பாளராக, வியட்நாம் போரை எதிர்த்து நின்ற மெக்கார்த்தி அக்டோபர் இறுதிவரை அவருக்கு ஆதரவு சொல்லவில்லை. குடியரசுக் கட்சியின் நிக்சன் வென்றது ஒரு சதவீதத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில்.

டென்வரில் நடந்தது வேறு. மாநாட்டுக்கு முந்தைய நாள், ஒபாமாவின் வேண்டுகோளின்படி, மிச்சிகனுக்கும் ஃபுளோரிடாவுக்கும் முழு வாக்கும் திருப்பி அளிக்கப்பட்டது. அப்போது அதனால் அவருக்கு நட்டமில்லை என்பது உண்மைதான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. ஆகஸ்ட் 26ஆம் தேதி, அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமை பெற்றதன் 88ஆம் ஆண்டு நிறைவு நாளில், ஹிலாரி பேசினார். புற்றுநோயோடு போராடியபடியே பிள்ளைகளை வளர்க்கும் தாயையும், குறைந்தபட்சக் கூலியில் வாழும் தாயையும் மகனையும், போரிலிருந்து திரும்பிய இளம் படைவீரனையும் நினைவூட்டி, நீங்கள் இந்தப் பிரச்சாரத்துக்கு வந்தது எனக்காக மட்டுமா, இவர்களுக்காகவா என்று எங்களிடம் கேட்டார். ஒபாமா அதே கேள்வியைக் கேட்டிருந்தால் தொலைக்காட்சியை அணைத்திருப்பேன். கேட்கும் உரிமை ஹிலாரிக்கு மட்டுமே இருந்தது.

மறுநாள் மாநிலவாரியாகப் பெயர் அழைத்து வாக்கெடுப்பு தொடங்கியது. ஹிலாரியின் பெயரும் முறையாக முன்மொழியப்பட்டது; ஒவ்வொரு மாநிலமும் இருவருக்கும் எத்தனை என்று மைக்கில் உரக்கச் சொன்னது. அதைக் கேட்கத்தான் நான் வேலையிலிருந்து சீக்கிரமே வந்திருந்தேன். நியூ மெக்சிகோ தன் முறையை இல்லினாய்ஸுக்கு விட்டுக்கொடுக்க, இல்லினாய்ஸ் அதை நியூயார்க்குக்கு விட்டுக்கொடுத்தது. நியூயார்க் பிரதிநிதிகளிடையே நின்ற ஹிலாரி, விதிகளை நிறுத்திவைத்து ஒபாமாவை ஒரே குரலில் தேர்ந்தெடுக்கும்படி முன்மொழிந்தார். அந்த முன்மொழிவு வாக்கெடுப்பு தொடங்குவதற்கு முன்பே வந்திருந்தால் எங்களை வாயடைத்ததாகவே எடுத்துக்கொண்டிருப்பேன். பல மாநிலங்களின் எண்ணிக்கை ஒலித்த பிறகு வந்ததால், எங்கள் வாக்கை நாங்களே எடுத்துக் கொடுத்ததாக இருந்தது. தோழி, உன் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான்.

இரண்டு நாட்கள் கழித்து மெக்கெய்ன் சாரா பேலினைத் துணை அதிபர் வேட்பாளராக அறிவித்தார். பேலினும் அன்றே அந்த விரிசல்களைக் குறிப்பிட்டு, எங்களை நோக்கிக் கையை நீட்டினார். அந்த விரிசல்கள் எதற்காக விழுந்தன என்று தெரியாமல் எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டதாக எனக்குப் பட்டது. மறுநாளே ஒபாமாவின் நாஷுவா அலுவலகத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்தேன். நவம்பர் 4ஆம் தேதி அவர் 365 தேர்வாளர் வாக்குகளோடு வென்றது உனக்குத் தெரிந்ததே. எங்கள் மாநிலத்துச் செய்தி ஒன்று உனக்கு வந்திருக்காது. ஜீன் ஷஹீன் இங்கிருந்து செனட்டுக்குத் தேர்வான முதல் பெண் ஆனார். மாநில மேலவையின் 24 இடங்களில் 13ஐப் பெண்கள் பிடித்தார்கள். இந்த நாட்டில் எந்தச் சட்டமன்ற அவையிலும் பெண்கள் பெரும்பான்மை பெற்றது இதுவே முதல் முறை. அன்று இரவு பக்கத்து வீட்டு அம்மையார் தம் வீட்டு வாசலிலிருந்தும் நான் என் வாசலிலிருந்தும் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் கூச்சலிட்டுக்கொண்டோம்.

டிசம்பர் 1ஆம் தேதி சிகாகோவில் ஹிலாரியை வெளியுறவு அமைச்சராக ஒபாமா அறிவித்தார். அடுப்பின் முன்னால் இதைப் பற்றித்தான் எங்களுக்குள் கருத்து வேறுபட்டது. வென்றவர் தோற்றவருக்கு இதைவிடப் பெரிய மரியாதை செய்ய முடியாது என்பது அம்மையாரின் வாதம். எனக்கு மகிழ்ச்சியோடு ஒரு கலக்கமும் இருக்கிறது. அமைச்சரான பிறகு ஹிலாரிக்குச் செனட்டில் இடம் இல்லை. வாழ்நாள் முழுவதும் அவர் போராடிய மருத்துவக் காப்பீடு வேறு கைகளுக்குப் போகும். நாங்கள் குறைப்பட்டுக்கொள்ள நேர்ந்தால் எங்களுக்காகப் பேசும் குரல் வெளிநாட்டு விமானங்களில் இருக்கும். கட்சி ஒன்றுபட்டிருப்பது எங்கள் குரல் கேட்பதாலா, அடங்கிப்போனதாலா என்பதை இனி வரும் மருத்துவ மசோதாவில்தான் பார்க்க வேண்டும்.

மின்சாரம் திங்கட்கிழமை மாலை வந்தது. தெருவில் முறிந்த கிளைகளை இன்னும் அப்புறப்படுத்தவில்லை. ஜனவரி 20ஆம் தேதி பதவியேற்பு விழாவுக்குப் பேருந்தில் போகலாம் என்று பக்கத்து வீட்டு அம்மையார் அழைக்கிறார். முழங்கால் வலி அனுமதித்தால் போவேன், அங்கிருந்து உனக்கு ஒரு படத்தபால் அனுப்புவேன். உன் மகளின் பிரசவச் செய்தியை உடனே எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி