அந்தப் படத்தை அழித்துவிடு

அன்புள்ள மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. வெளிநாட்டில் இருக்கும் உன் மனைவிக்குத் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது என்றாய். உன் கிரெடிட் கார்டின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறாய். அவள் அட்டை எண்ணைப் பதிந்ததும் ஓ.டி.பி. உன் செல்பேசிக்கு வந்திருக்கிறது. அவளுக்கு அது பிற்பகல், உனக்கு நள்ளிரவு இரண்டு மணி. காலையில் எழுந்து பார்த்தால் பதினொரு தவறிய அழைப்புகள். நேரம் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான் என்று நீ பேச்சை முடித்துவிட்டாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படம். அட்டையின் எண், காலாவதி மாதம், பின்னால் இருக்கும் மூன்று இலக்கங்கள் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்துவிட்டால் அட்டையே கையில் கிடைத்த மாதிரி. இணையத்தில் ஓ.டி.பி. கேட்காமலே பணம் எடுத்துக்கொள்ளும் தளங்கள் உலகில் ஏராளம். அந்தப் படம் இப்போது உன் செல்பேசியில் இருக்கிறது, அவளுடையதில் இருக்கிறது, இரண்டின் காப்புப் பிரதிகளிலும் இருக்கும். அவளை நான் ஒரு நொடிகூடச் சந்தேகிக்கவில்லை. அவளுடைய செல்பேசி பேருந்தில் தொலைந்தால் என்ன ஆகும் என்றுதான் நினைக்கிறேன். வேறு யாரோ செலவு செய்துவிட்டால் நீ வங்கியில் புகார் கொடுப்பாய். அவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "விவரங்களை வேறு யாரிடமாவது பகிர்ந்தீர்களா?" என்பது. மனைவியிடம்தான் என்று நீ உண்மையைச் சொன்னால், பெரும்பாலான அட்டை ஒப்பந்தங்களின்படி அதுவும் பகிர்ந்ததுதான். நியாயமான புகார்கூட அந்த இடத்தில் பலம் இழந்துவிடும்.

அவசரத்தில் ஓ.டி.பி.யைப் படித்துச் சொல்லும் பழக்கமும் எனக்குப் பயமாக இருக்கிறது. பாதித் தூக்கத்தில் எண்ணை மட்டும்தான் பார்ப்பாய். அதே குறுஞ்செய்தியில் தொகையும் பணம் யாருக்குப் போகிறது என்பதும் இருக்கும். அவற்றைப் பார்க்காமல் எண்ணைச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டால், ஒரு நாள் அவள் பெயரைச் சொல்லி வேறொருவர் கேட்டாலும் சொல்லிவிடுவாய். இன்னொன்றும் உண்டு. காலையில் நீ கடையில் தேய்த்த அட்டை, அடுத்த அரை மணியில் வேறொரு நாட்டில் பயன்பட்டால் வங்கியின் கணினி அதைத் திருட்டாகக் கருதி முடக்கிவிடலாம். அதன் மேல் குறை சொல்ல முடியாது. முடங்குவது மட்டும் எப்போதும் தேவையான நாளில்தான் நடக்கும்.

இதற்கு நேரான வழி இருக்கிறது. உன் கணக்கிலேயே அவள் பெயரில் ஒரு கூடுதல் அட்டை கேள். ஆட்-ஆன் கார்டு என்று சொன்னால் வங்கியில் புரிந்துகொள்வார்கள். அதில் அவள் பெயர், அவள் கையெழுத்து, அவளுக்கென ஒரு ரகசிய எண் எல்லாம் இருக்கும். உன் கடன் வரம்புக்குள் அவளுக்கு மட்டும் தனி வரம்பு வைக்கவும் பல வங்கிகள் இடம் கொடுக்கின்றன. அவள் செய்யும் ஒவ்வொரு செலவுக்கும் வங்கிக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீதான். அதை இருவரும் தெரிந்தே கையெழுத்துப் போடுங்கள்.

விண்ணப்பிக்கும்போதே மூன்று விஷயங்களைக் கேட்டுவிடு. அவளுடைய செலவுக்கான ஓ.டி.பி. அவள் எண்ணுக்கே போகுமா, வெளிநாட்டு எண்ணைப் பதிய முடியாவிட்டால் அவளே செயலியில் ஒப்புதல் தர முடியுமா? அட்டையை வெளிநாட்டு முகவரிக்கு அனுப்புவார்களா? பெரும்பாலும் பதிவு செய்த முகவரிக்கே வரும், பிறகு நம்பகமான யாராவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கும். மூன்றாவதாக, இரண்டு அட்டைகளுக்கும் ஒரே எண்ணா, தனித்தனி எண்ணா? சில வங்கிகள் ஒரே எண்ணைத் தருகின்றன. அப்படியானால் நீ தொலைத்தாலும் அவள் தொலைத்தாலும் இரண்டையும் சேர்த்தே முடக்க வேண்டிவரும், அவள் அங்கே கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பாள்.

அப்படி நின்றவள் நான் என்பதால்தான் இத்தனை விவரமாக எழுதுகிறேன்.

உன் அப்பா வெளிநாட்டில் வேலை பார்த்த வருடங்கள் உனக்கு அதிகம் நினைவிருக்காது. அவருடைய கணக்கில் எனக்கு ஒரு கூடுதல் அட்டை வாங்கிக் கொடுத்திருந்தார். அப்போது செலவு செய்த நொடியில் அறிவிப்பு வரும் வசதி இல்லை. மாதம் ஒருமுறை ஸ்டேட்மென்ட் காகிதமாக அவருக்குப் போகும். அது கிடைத்த வாரம் அழைப்பார். "ஏழாம் தேதி என்ன வாங்கினாய்? பதினாறாம் தேதி ஒன்று இருக்கிறதே, அது என்ன?" என்று வரிசையாகக் கேட்பார். குரலில் கோபம் இருந்ததே இல்லை. ஆனாலும் நான் கடையில் எதை எடுத்தாலும் அந்தக் கேள்வி காதில் கேட்கத் தொடங்கிவிட்டது. வண்ணம் தீட்டும் ஆசையில் ஒரு நாள் வண்ணப் பெட்டி ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். இதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்து, திரும்ப வைத்துவிட்டு வந்தேன். அதை அவரிடம் சொல்லவும் இல்லை.

அவர் ஊர் திரும்பிப் பல வருடம் கழித்து ஒரு பேச்சில் இது வந்தது. கேட்டுத் திகைத்துப்போனார். "எனக்கு உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள அந்தக் காகிதம்தானே இருந்தது" என்றார். மருந்துக்கடை என்று இருந்தால் யாருக்கு உடம்பு சரியில்லை, புத்தகக்கடை என்று இருந்தால் பிள்ளை என்ன படிக்கிறான் என்று ஒவ்வொரு வரியையும் கடிதம் மாதிரி படித்திருக்கிறார். நான் அதையே கணக்குக் கேட்பதாக எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் சுருங்கியிருக்கிறேன். ஒருவரையொருவர் கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

உனக்கு இப்போது மாதக் கணக்கு இல்லை, நொடிக் கணக்கு. அவள் ஒரு தேநீர் குடித்தாலும் உன் சட்டைப்பையில் செல்பேசி அதிரும். அட்டை கைக்கு வருவதற்கு முன்பே அவளிடம் பேசு. எந்தச் செலவு அவளுடைய சொந்த விஷயம், எதைச் சேர்ந்து தீர்மானிப்பது என்று ஒரு தொகையை வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகைக்குக் கீழே வரும் அறிவிப்பை நீ வாய்திறந்து பேசவே கூடாது. வங்கி இடம் கொடுத்தால் அந்த அறிவிப்புகள் அவளுக்கு மட்டும் போகும்படி செய்துவிடு.

அப்பா வேறு நாட்டுக்கு மாறியபோது பழைய கணக்கை மூடினார். முதன்மைக் கணக்கு மூடினால் கூடுதல் அட்டையும் அதோடு செத்துப்போகும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உனக்கு நூற்றிமூன்று டிகிரி காய்ச்சல். மருந்துக்கடையில் அட்டை மறுக்கப்பட்டது. வீட்டுக்கு ஓடிப் பணம் எடுத்துக்கொண்டு வந்தேன். அடுத்த வாரம் என் பெயரிலேயே அட்டை வேண்டும் என்று ஒரு வங்கிக்குப் போனேன். ஐந்து வருடம் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டிய கணக்கு அது. ஆனால் என் பெயரில் கடன் வாங்கிக் கட்டிய வரலாறே இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பெண் என்பதாலோ மணமானவள் என்பதாலோ கடன் மறுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது 1974-இல்தான் என்று பின்னாளில் படித்தபோது, அந்த கவுன்டர் அப்படியே கண்முன் வந்தது.

ஆகவே உன் அட்டையோடு நிறுத்திவிடாதே. கடன் வரலாறு பொதுவாக நாட்டின் எல்லையைத் தாண்டுவதில்லை. இங்கே உன் கணக்கு எத்தனை ஒழுங்காக இருந்தாலும், அங்கே வாடகைக்கு வீடு கேட்கும்போதோ கடன் கேட்கும்போதோ அது அவளுக்குக் கைகொடுக்காது. அங்கேயே ஒரு வங்கிக் கணக்கு தொடங்கட்டும். பல நாடுகளில் வைப்புத்தொகையைப் பிணையாக வைத்துச் சிறிய வரம்போடு அட்டை தருகிறார்கள். அதில் சின்னச் சின்னச் செலவு செய்து கெடு தேதிக்குள் முழுதாகக் கட்டி வந்தால் அவள் பெயர் தானே வளரும். உன் கூடுதல் அட்டை அவசரத்துக்கு இருக்கட்டும்.

செலவுக் கணக்கும் அதையேதான் சொல்கிறது. பல அட்டைகள் அந்நிய நாணயச் செலவுக்கு 1 முதல் 3.5 சதவீதம் வரை கட்டணம் வாங்குகின்றன. 3 சதவீதம் என்றே வைத்துக்கொள், நூறுக்குச் செலவு செய்தால் 103 கட்டுவாய். கடைக்காரரின் இயந்திரம் "உங்கள் நாட்டு நாணயத்திலா, உள்ளூர் நாணயத்திலா" என்று கேட்டால் அவள் உள்ளூர் நாணயத்தையே அழுத்த வேண்டும். மற்றதில் மாற்று விகிதத்தைக் கடைத் தரப்பே வைக்கிறது, பெரும்பாலும் அது கூடுதலாகவே இருக்கும். பொருளைத் திருப்பிக் கொடுத்தால் பணம் அன்றைய விகிதத்தில் திரும்பும். கொடுத்ததைவிடக் குறைவாக வந்தால் அவளைக் கேட்காதே. ஏ.டி.எம்.மில் இந்த அட்டையைப் போட்டுப் பணம் எடுக்கவே வேண்டாம் என்று சொல். அதற்குக் கட்டணமும் உண்டு, பெரும்பாலும் எடுத்த நாளிலிருந்தே வட்டியும் ஓடும். மாதாமாதம் வரும் செலவுக்கு அவள் கணக்குக்கே நேராகப் பணம் அனுப்புவது மலிவாக இருக்கிறதா என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்.

குறைந்தபட்சத் தொகை என்று ஒரு கட்டத்தில் அச்சிட்டிருப்பார்களே, அதை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதே. மாதம் 3 சதவீத வட்டி கேட்கச் சிறியது. வட்டிக்கு வட்டி சேர்ந்து வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டிவிடும். பாக்கி வைத்தால் புதிய செலவுக்கான வட்டியில்லாக் காலமும் பல அட்டைகளில் போய்விடும். இரண்டு பேர் செலவு செய்யும் அட்டையில் இது யாருக்கும் தெரியாமல் வளரும், அவர் கட்டியிருப்பார் என்று இவரும், இவள் கட்டியிருப்பாள் என்று அவரும் இருந்துவிடுவதால்.

இன்றே அந்தப் படத்தை அழித்துவிடு, அவளையும் அழிக்கச் சொல். வங்கியை அழைத்து இந்த அட்டையை முடக்கி வேறு எண்ணில் புதியது வாங்கு. கட்டணம் கட்டக் கெடு புதன்கிழமை வரை இருக்கிறது என்றாய். கட்டியாகிவிட்டதா? இல்லை என்றால் அவள் விழித்திருக்கும் நேரம் எது என்று எனக்கு எழுது. பணம் அனுப்புவது பற்றி அவளிடம் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
அம்மா