ரூம் வாடகையில் போன 36,000 ரூபாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்காகத் திருமங்கலத்திலிருந்து மதுரைக்குப் போய் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்று லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி. அதில் ரூம் வாடகை வரம்பு பாலிசித் தொகையில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000. இருந்த அறையோ 5,000. “வித்தியாசம் நாளுக்கு ரெண்டாயிரம்தாம்மா, அதை மட்டும் கட்டிருங்க” என்றார் கவுன்ட்டரில் இருந்த தம்பி. நான்கு நாளைக்கு எட்டாயிரம்தானே என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

டிஸ்சார்ஜ் அன்று கையில் கொடுத்த தாளில் ‘ப்ரொபோர்ஷனேட் டிடக்ஷன்’, அதாவது விகித வெட்டு என்று ஒரு வரி. 5,000 ரூபாய் அறைக்கு 3,000 தான் அனுமதி என்றால், அது 60 சதவீதம். அந்த 60 சதவீதம் வாடகையோடு நிற்பதில்லை. டாக்டர் ஃபீஸ், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 70,000 வந்திருந்தது; அதில் 42,000 தான் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்தது. எட்டாயிரம் என்று நினைத்தது, மீதி 28,000மும் சேர்ந்து 36,000 ஆகிவிட்டது. அம்மா சுருக்குப்பையை அவிழ்த்துக் கொடுத்ததை இப்போது நினைத்தாலும் மனசு தாங்கவில்லை.

இதற்கு மேல் மருந்து, ஸ்கேனிலும் 12,000 வெட்டியிருந்தார்கள். அது கூடாது. மருந்து, பரிசோதனை, உடலுக்குள் வைக்கும் கருவிகள், ஐ.சி.யூ. கட்டணம் இவற்றில் இந்த விகித வெட்டு போடக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020லேயே சொல்லிவிட்டது. எடுக்கும் அறையைப் பொறுத்து டாக்டர் ஃபீஸ், தியேட்டர் கட்டணமெல்லாம் மாறாத மருத்துவமனை என்றால் இந்த வெட்டே கிடையாது. கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதிப்போட்டேன். 12,000 திரும்பி வந்தது. வராமல் போயிருந்தால் சென்னையில் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார், அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை.

பாலிசியில் வேறு வெட்டுகளும் உண்டு. கோ-பே என்றால் ஒவ்வொரு க்ளெய்மிலும் நாம் கட்ட வேண்டிய பங்கு. நான்-பேயபிள் என்பது கையுறை மாதிரி பாலிசியில் சேராத சில்லறைச் சாமான்கள். இவற்றையெல்லாம் கேட்டால் யாராவது சொல்லிவிடுவார்கள். ரூம் வாடகை விஷயத்தைத்தான் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பாலிசியோடு ‘கஸ்டமர் இன்ஃபர்மேஷன் ஷீட்’ என்று ஒரு சுருக்கத் தாள் வரும். வரம்பு, காத்திருப்புக் காலம், கோ-பே எல்லாம் அதில்தான் இருக்கிறது. நாம் கேட்டால் அதைத் தமிழில் தர வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து அதுதான் விதி. ஏஜென்ட் தானாகத் தர மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும்.

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் வைத்தியத்துக்கு வருவது மதுரைக்குத்தான். இங்குள்ள மருத்துவமனைகள் அறைக் கட்டணப் பலகைக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு வரி தமிழில் எழுதி வைக்கட்டும்: ‘பாலிசி வரம்புக்கு மேல் அறை எடுத்தால் டாக்டர் ஃபீஸுக்கும் தியேட்டருக்கும் கிடைக்கும் பணமும் குறையும்.’

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருமங்கலம், மதுரை மாவட்டம்