படர்தாமரைக்கு ஸ்டீராய்டு களிம்பா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெயில் ஏறினால் தொடை இடுக்கிலும் இடுப்பிலும் படர்தாமரை வந்துவிடுகிறது, உடனே மருந்துக்கடைக்குப் போய் "அரிப்புக்கு ஒரு ஆயின்ட்மென்ட் கொடுங்க" என்கிறோம், கடைக்காரரும் குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு கலந்த ட்யூபை நீட்டுகிறார். அரிப்பு சீக்கிரம் அடங்கிவிடும், அதுதான் வம்பே. படர்தாமரை பூஞ்சைத் தொற்று. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்குமே தவிரப் பூஞ்சையைக் கொல்லாது, தோலின் எதிர்ப்பைக் குறைத்து இன்னும் பரவவிடும், வட்ட ஓரம் மங்கிப்போவதால் பிறகு பார்க்கும் டாக்டருக்கும் குழப்பம், அப்புறம் தோல் மெலிந்து வரிவரியாகத் தழும்பு வேறு. 2018லேயே 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு அறிவித்தும் விற்பனை நின்றபாடில்லை. கடைகளில் சோதனை நடத்தினால் என்ன? உங்கள் மருத்துவப் பக்கத்திலாவது இந்த மருந்துகளின் பெயர்களைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

ஒரு வாசகர், மதுரை