மகனைப் பிணக்கோடு அனுப்பாதே

கல்லடி,
மட்டக்களப்பு

அன்பு மச்சான்,

எழுதி நெடுநாளாயிற்று, கோபிக்காதே. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு வைகாசியில் கலியாணம். தோணிக்கார மாமா இன்னும் உன் பழைய கடனைக் கேட்கிறார்.

அவுஸ்திரேலியக் கடற்படையில் இருக்கும் உன் மகன் மலேசியாவுக்குப் பயிற்சிக்குப் போகிறான் என்றதும், “யாருடைய சண்டைக்கு இவன் அவ்வளவு தூரம் போகவேணும்?” என்று போனில் கத்தினாயே, அதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

நாம் நீந்திப் பழகிய இதே கடலில்தானே 1942 ஏப்ரல் 9இல் ஹேர்மிஸ் மூழ்கியது. பிரிட்டனின் விமானந்தாங்கிக் கப்பல். அன்று அதில் ஒரு விமானம்கூட இல்லை, எல்லாவற்றையும் கரையில் இறக்கிவிட்டிருந்தார்கள். துணைக்குப் போனது உங்கள் அவுஸ்திரேலியாவின் வம்பயர் என்ற போர்க்கப்பல். ஜப்பான் விமானங்கள் அந்த இரண்டு கப்பலையும் மூழ்கடித்தன. காப்புக்குக் கேட்ட போர்விமானங்கள் இரத்மலானையில் இருந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. ஹேர்மிஸில் மட்டும் 307 பேர் போனார்கள், மச்சான். எல்லோரும் யாரோ பெற்ற பிள்ளைகள்.

அதற்கு ஐந்து நாள் முன்புதான், கொக்கலவிலிருந்து பறந்த கனடிய விமானி பேர்ச்சல் ஜப்பான் கப்பற்படையைக் கண்டு, சுட்டு வீழ்த்தப்படுமுன் வானொலியில் செய்தி அனுப்பினார். அவர் இலங்கைக்கு வந்தே சில நாள். ஆனாலும் அந்தச் செய்தி கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. செய்தி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும், உதவி நேரம் தவறினால் என்ன நடக்கும் என்று ஒரே வாரத்தில் இரண்டையும் நம் தீவு பார்த்தது.

1971இல் பிரிட்டன், அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய ஐந்தும் செய்த பாதுகாப்பு ஏற்பாட்டைப் பார், மகன் போகும் பயிற்சி அதன் கீழ்தான். மலேசியாவையோ சிங்கப்பூரையோ யாரும் தாக்கினால் உடனே கலந்து பேசவேணும், அவ்வளவுதான் கடமை. படை அனுப்பியே தீரவேணும் என்று ஒரு வரியும் கிடையாது. இவ்வளவு மெல்லிய கடதாசி அரை நூற்றாண்டு தாண்டி நிற்பது இந்தப் பயிற்சிகளால்தான். மலேசியாவில் இருக்கும் பட்டர்வொர்த் தலைமையகத்தில் ஐந்து நாட்டாரும் ஒன்றாக இருந்து வேலை செய்கிறார்கள். ஆபத்து வரும் நாளில், குரல் தெரிந்தவனுக்குத்தான் சட்டென்று பேசி விளங்கவைக்க முடியும்.

சீருடை என்றாலே நம் சனத்துக்கு வயிறு கலங்கும். உன் அண்ணரை நானும் மறக்கவில்லை. உன் பயம் நியாயம். ஆனாலும் அவன் போகும் வேலை சண்டை வராமல் தடுக்கிற வேலை என்று நான் மனதார நம்புகிறேன். வாழ்த்திவிட்டு அனுப்படா.

தங்கச்சிக்கு என் அன்பு. அவன் புறப்படும் திகதியை அறிவி, நானும் அவனோடு பேசவேணும்.

உன்,
மச்சான்