விடுதி கட்டுமுன் குளத்துக்கு எல்லைக்கல் நடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

கிளிநொச்சி நகரில் ஏ-9 வீதியோரமாகத் தங்கு விடுதிகளும் மண்டபங்களும் எழும்பிக்கொண்டிருக்கின்றன. நகரக் குளத்தின் கரையை அழகுபடுத்தி, நடைபாதை போட்டு, அதை ஒட்டி இன்னும் விடுதிகள் கட்டலாம் என்ற பேச்சும் ஊரில் அடிபடுகிறது. இங்கே வயல் செய்கிறவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சில விடயங்களை எழுத விரும்புகிறேன்.

விடுதியே வேண்டாம் என்பவன் அல்ல நான். கொழும்பிலிருந்து வருகிறவர்களில் அநேகர் கிளிநொச்சியில் தேத்தண்ணிக்கு இறங்கிவிட்டு, யாழ்ப்பாணம் போய்த்தான் தங்குகிறார்கள். இரணைமடுப் பெருங்குளம் பக்கத்தில் இருக்கிறது. 1938 இல் சரணாலயமாகி 2015 இல் தேசிய பூங்காவாகிய சுண்டிக்குளம் இருக்கிறது. மாரியில் அங்கே இறங்கும் பறவைகளைப் பார்க்க வருகிறவர்கள் இரண்டு நாள் இங்கேயே தங்கினால் கடைக்காரருக்கும் ஓட்டோக்காரருக்கும் பிழைப்பு. உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கும் ஊரோடு ஒரு தொழில் கிடைக்கும். வெளிநாட்டில் உழைத்த காசை இங்கே கொண்டுவந்து போடுகிற உறவுகளை நான் மனதார வரவேற்கிறேன்.

ஆனால் எங்கே கட்டுவது? எனக்கு இருக்கும் கேள்வி அதுதான்.

கிளிநொச்சி தண்ணீரை நம்பி உருவான ஊர். இரணைமடு வேலை 1902 இல் தொடங்கியது. அதன் பிறகு, 1936 இல் குடியேற்றத் திட்டத்தில் வந்த கமக்காரர்கள் காடு வெட்டி ஊராக்கினார்கள். தனி மாவட்டமானது 1984 இல். வாய்க்காலும் குளமும் முன்னுக்கே இருந்தன, நகரம் பிறகுதான் வந்தது. அதனால் இந்த நகரத்தில் வெறும் காணி என்று தெரிகிற இடங்களில் எத்தனையோ, மழைக்காலத்தில் தண்ணீர் போகும் பாதைகள். போருக்குப் பிறகு மீண்டுவந்த சனத்துக்கு அதை யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. கிடைத்த இடத்தில் குடிசை போட்டார்கள், பிறகு கல்வீடு கட்டினார்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்தபோது தண்ணீர் தன் பழைய பாதையைத் தேடிப் போனது. நெல்லும் ஆடு மாடும் போன வீடுகளை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

குடிசை போட்டவர் வெள்ளம் வந்தால் இடம்பெயர்ந்து போவார். விடுதி கட்டுகிறவர் அப்படிச் செய்ய மாட்டார். டிப்பர் டிப்பராகக் கிரவல் கொண்டுவந்து பறித்துக் காணியை மூன்று அடி உயர்த்துவார், சுற்றி மதில் எழுப்புவார். அவருடைய வளவு நனையாது. ஆனால் அந்தத் தண்ணீர் எங்கேயாவது போகத்தானே வேண்டும்? மதிலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற வீட்டு முற்றத்தில் ஏறும், கிணற்றுக்குள் இறங்கும். இதற்குப் பெரிய வெள்ளம் தேவையில்லை. இரண்டு நாள் மழை போதும்.

அடுத்தது கழிவுநீர். நகரத்தில் கழிவுநீரைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி இல்லை. வீடானாலும் விடுதியானாலும் குழி வெட்டித்தான் விடுகிறோம். மாரியில் எங்கள் கிணறுகளில் தண்ணீர் கையால் அள்ளும் மட்டத்துக்கு ஏறிவிடும். குழியும் அதே மண்ணில்தான் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் குழி வேறு, நாற்பது அறையும் சமையற்கட்டும் கலியாண மண்டபமும் இருக்கிற கட்டடத்தின் குழி வேறு. ஒரு கட்டடத்தின் பின்பக்கம் நான் கண்டதைச் சொல்கிறேன். மதிலின் அடியில் நாலு அங்குலப் பைப் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சவர்க்கார நுரையும் எண்ணெய்ப் படலமும் சோற்றுப் பருக்கையுமாக அதிலிருந்து வந்தது வெள்ளவாய்க்காலில் விழுந்து குளத்துப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்கால் ஓரத்துப் புல் கறுத்துப் போயிருந்தது. அந்தக் குளத்தில்தான் சனம் குளிக்கிறது, மாடு தண்ணீர் குடிக்கிறது, யப்பான் மீன் பிடித்து விற்கிறார்கள்.

சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993 இல் வந்த வர்த்தமானியின்படி, 99 அறைகளுக்கு மேற்பட்ட விடுதிகள்தான் சுற்றாடல் தாக்க ஆய்வு, அதாவது கட்டுமுன் சூழலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று ஆராயும் நடைமுறைக்குள் வருகின்றன. எங்கள் நகரத்தில் நூறு அறை விடுதி யார் கட்டப்போகிறார்? ஆனால் அதே வர்த்தமானியில் இன்னொன்றும் உண்டு. நீர்த்தேக்கத்தின் நிறைமட்டத்துக்கு (தண்ணீர் முழுதாக நிறைந்து நிற்கும் எல்லைக்கு) அப்பால், அதற்கென்று விட்டுவைத்த ஒதுக்கீட்டு நிலத்துக்குள் கட்டுவதானால், விடுதி எவ்வளவு சிறியதானாலும் அந்த நடைமுறை பொருந்தும். அதாவது குளத்தைக் காப்பாற்றுகிற பலமான பிரிவு எங்கள் கையில் இருக்கிறது. அதைப் பாவிப்பதற்கு அந்த ஒதுக்கீட்டு நிலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தரையில் தெரிய வேண்டும். வரைபடம் கந்தோர் அலுமாரிக்குள் இருந்து பிரயோசனம் இல்லை. கல் இல்லாத இடத்தில் வேலி நகரும். கோடையில் குளம் வற்றும்போது, மாரியில் தண்ணீர் ஏறி நிற்கும் அலைகரையில் முதலில் மரக்கறித் தோட்டம் வரும், பிறகு கொட்டில் வரும், பிறகு உறுதி முடித்த காணி என்று யாரோ ஒருவர் விலை பேசுவார்.

தனியார்தான் இப்படிச் செய்வார்கள் என்றும் சொல்ல முடியாது. வவுனியா நகரில் குளத்துக்குள்ளேயே மண்ணைக் கொட்டி சுற்றுலா மையம் அமைத்ததும், அதற்கு எதிராக மக்கள் வீதிக்கு வந்ததும் பழைய கதை இல்லை. அழகுபடுத்துவது என்றால் குளத்தைச் சிறிதாக்குவது என்று விளங்கிக்கொள்ளக் கூடாது. குளக்கட்டில் நிழல் மரங்களோடு நடைபாதை போடுங்கள். பிள்ளைகள் இருந்து பார்க்க வாங்கு போடுங்கள். சரி, அதற்குக் காசு செலவழியுங்கள். நீர் நிற்கிற இடத்தில் மட்டும் ஒரு பிடி மண்ணும் விழக்கூடாது.

ஆகவே பிரதேச சபையும் நீர்ப்பாசனத் திணைக்களமும் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் ஒன்றாகக் களத்தில் இறங்கி, நகரக் குளத்துக்கும் அதன் வாய்க்கால்களுக்கும் எல்லைக்கல் நட வேண்டும். அந்த வரைபடத்தைப் பிரதேச சபை வாசலில் எல்லோரும் பார்க்கத் தொங்கவிட வேண்டும். அது முடியும்வரை குளத்தை அண்டிய காணிகளில் புதுக் கட்டடத்துக்கு அனுமதி கொடுக்க வேண்டாம். கழிவுநீரைத் தன் வளவுக்குள்ளேயே சுத்திகரிக்கிற ஏற்பாட்டை வரைபடத்தில் காட்டாத விடுதிக்குக் கையெழுத்து வைக்கவும் வேண்டாம். முதலீடு செய்கிறவருக்கும் இது நல்லதுதான். கட்டி முடித்த பிறகு வழக்கு என்று அலைவதைவிட, முதலே எல்லை தெரிந்தால் அவரும் நிம்மதியாகக் கட்டலாம்.

இந்த வேலையை மாரி தொடங்கும் முன் செய்ய வேண்டும். மழை இறங்கிவிட்டால் அலைகரையில் கால் வைக்க ஏலாது. கல் நடுகிற நாளை அறிவித்தால் கமக்காரர் அமைப்புகளிலிருந்து ஆட்களும் வருவார்கள், கல்லும் சீமெந்தும் ஏற்றிப் பறிக்க உழவு இயந்திரங்களும் வரும்.

இப்படிக்கு,
கமக்காரர் ஒருவர்,
கிளிநொச்சி.