நம் பழைய சட்னி

மல்லேஸ்வரம், பெங்களூரு

அன்புள்ள முரளி,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாத குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் அனைவரும் நலம். வீட்டுக்காரர் வழக்கம்போல் வாடகையை ஏற்றிவிட்டார். இப்போது எழுதுவதற்குக் காரணம், நாம் சேர்ந்து செய்த பாவம் ஒன்று என் மேசைக்கே வந்து சேர்ந்திருப்பதுதான்.

சென்ற வாரம் ஒரு வாடிக்கையாளர், எந்த மென்பொருளிலும் திறக்காத தொலைபேசி ஒலிப்பதிவுகள் என்று ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தார். கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் பார்த்தால், முதல் நான்கு பைட்டுகளில் உன் பெயரின் இரண்டு எழுத்தும் என் பெயரின் இரண்டு எழுத்தும்! 2008இல் நம் மேலதிகாரி ‘ஜமீன்தாரின்’ டெமோவுக்காக, ஒலிப்பதிவுகளைச் சேமிக்க இரண்டே நாளில் நாம் சொந்தமாக அரைத்த கோப்பு வடிவம், அதே சட்னி.

நினைவகத்தில் இருந்த ஸ்ட்ரக்சரை, அதாவது தகவல் தொகுப்பை, அப்படியே கோப்பில் கொட்டியிருக்கிறோம். அன்றைய 32 பிட் கணினியில் நான்கு பைட்டாக இருந்த ‘லாங்’ என்ற எண் வகை, என் 64 பிட் லினக்ஸில் எட்டு பைட்டாகிவிட்டதால், அதற்குப் பின்வரும் எதுவும் தன் இடத்தில் இல்லை. பதிப்பு எண்ணும் கிடையாது. நமக்குத் தெரிந்த உலகம் 8,000 ஹெர்ட்ஸ் என்பதால் சாம்பிள் ரேட்டையும் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்தோம் என்பதையும்) எழுதவில்லை. பிறகு யாரோ 16,000இல் பதிவு செய்திருக்கிறார்கள். விளைவு, அதை 8,000 என்று எண்ணி ஒலிக்கவிட்டால், கன்னடத்தில் கடன் தவணை கேட்கும் பெண், ஒரு ஸ்தாயி இறங்கி, தூக்கக் கலக்கத்தில் பேசும் ஆணாகிவிடுகிறாள்.

மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் 1991இலேயே வேவ் என்ற ஒலிக்கோப்பு வடிவத்தை வெளியிட்டிருந்தன. அதில் கோப்பின் ஒவ்வொரு துண்டுக்கும் முதலில் நான்கெழுத்துப் பெயர், அடுத்து நான்கு பைட்டில் நீளம். ஆகவே அறியாத துண்டு வந்தால் தாண்டிப் போய்விடலாம். 1985இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வகுத்த ஐஎஃப்எஃப் என்ற கோப்பு வடிவத்திலிருந்து வந்த ஏற்பாடு அது. நீளத்துக்கு 32 பிட்டே என்பதால் 4 ஜிபியில் முட்டிக்கொள்ளும் என்பது உண்மைதான். நம்முடையதோ முதல் அடியிலேயே முட்டிக்கொள்கிறது.

வெளியார் எவரும் திறக்கக் கூடாது என்று ஜமீன்தார் சொன்னாரே என்று அவர்மேல் பழி போடலாம். ஆனால் அவர் அதைச் சொல்வதற்கு முன்பே நாம் பாதி எழுதி முடித்திருந்தோம். பிறர் எழுதியதை ஒரு மணி நேரம் படிப்பதைவிட, இரண்டு நாள் கண்விழித்துச் சொந்தமாக எழுதுவதே நமக்கு வீரமாகத் தெரிந்தது. அலுவலகமும் அந்தக் கண்விழிப்பைத்தான் கைதட்டிப் பாராட்டியது.

இதை எழுதியது யாராக இருக்கும் என்று என் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள். யாரோ அவசரக்காரர்கள் என்றேன். அந்த நான்கு எழுத்துகளை அவள் இன்னும் என் பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

12ஆம் பைட்டிலிருந்து வரும் நான்கு பைட்டுகள் எதற்கு என்பது மட்டும் விளங்கவில்லை. பெரும்பாலான கோப்புகளில் பூஜ்யம், சிலவற்றில் 7. அது நீ எழுதிய பகுதி. நினைவிருந்தால் உடனே எழுது.

அன்புடன்,
கணேசன்